வெல்டிங் சொல்லித்தருபவர் வெல்டராக இருந்திருக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடிஐ-களிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் வெல்டர் பிரிவுக்குப் பயிற்றுநராகச் சேர்பவர்கள், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்வர்கள், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. தான் செய்யாத வேலையை ஒருவர் சொல்லித்தர முடியுமா என்ற சந்தேகம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான சந்தேகம்தான். ஆனால் வெல்டிங்கில் பதில் ஒன்றரை நிமிடத்தில் இரும்புப் பிளேட்டின் மேல் தெரிந்துவிடும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: அனுபவம் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். எத்தனை வருடம் என்பது இரண்டாம் பட்சம். தன் கையால் பிளேட்டைக் கெடுத்து, ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, மறுபடி போட்டுச் சரிசெய்து பார்த்தவராக இருக்க வேண்டும். இருபது வருடமாக ஒரே மாதிரி இரும்புக் கேட்டுக்கு ஒரே மாதிரி டாக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) அடித்தவரைவிட, ஆறு மாதம் இப்படி முறையாகப் பழகிய டிப்ளமோக்காரர் நல்ல பயிற்றுநர் ஆகிவிடுவதுண்டு.

விதிமுறை என்ன சொல்கிறது?

ஐடிஐ பாடத்திட்டங்களை வகுக்கும் மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகம், அதாவது டிஜிடி, மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. சம்பந்தப்பட்ட பொறியியல் பட்டம் அல்லது தொழிற்கல்விப் பட்டமான பி.வோக். படித்தவருக்கு 1 வருட அனுபவம். மூன்றாண்டு டிப்ளமோ என்றால் 2 வருடம். அதே டிரேடில் என்டிசி (ஐடிஐ முடித்ததற்கான தேசியச் சான்று) அல்லது என்ஏசி (தொழில் பழகுநர் சான்று) பெற்றவருக்கு 3 வருடம். இவற்றோடு பயிற்றுநர் பயிற்சியான சிஐடிஎஸ் முடித்து வாங்கும் என்சிஐசி சான்றிதழும் வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு வரி அதே பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஒரு பிரிவுக்கு இரண்டு பயிற்றுநர்கள் என்றால் ஒருவர் பட்டம் அல்லது டிப்ளமோ பெற்றவராகவும், மற்றவர் என்டிசி அல்லது என்ஏசி வழியில் வந்தவராகவும் இருக்க வேண்டும். என்சிஐசி இருவருக்கும் பொது. ஏட்டறிவும் கையறிவும் ஒரே ஆளிடம் முழுசாகக் கிடைப்பது அரிது என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. இந்த ஜோடியை ஒருவர் தியரிக்கு, ஒருவர் பிராக்டிகலுக்கு என்று பிரித்துவிடும் நிலையங்கள்தான் அதிகம். அது வீண். இருவரும் ஒரே பட்டறையில் ஒரே நேரத்தில் நிற்கும் வேளை வாரத்தில் இரண்டு தடவையாவது இருந்தால்தான் ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு ஒட்டும்.

வரலாற்று ஆசிரியர் சோழர் காலத்தில் வாழ்ந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. வெல்டிங்குக்கு மட்டும் ஏன்?

தவறு எங்கே நடக்கிறது, அது தெரியவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வரலாற்றிலும் கணக்கிலும் மாணவரின் தவறு தாளில் விழுகிறது. ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகத் திருத்தலாம். வெல்டிங்கில் தவறு நடப்பது கையில், அதுவும் ஓரிரு நொடியில். அந்த நொடியில் அடையாளம் காணாவிட்டால் பிறகு மிஞ்சுவது கெட்ட பிளேட்டும் ‘சார், ஏன்னே தெரியல’ என்ற பதிலும்தான்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான விதியும் இதே கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத்தான் கேட்கின்றன. ஆனால் 5 வருட ஓட்டுநர் அனுபவத்தையும் மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கின்றன. பயிற்சிக் காரில் இரட்டைக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும். அதாவது மாணவர் தடுமாறும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் பிரேக்கை மிதிக்கலாம். வெல்டிங் கேபினில் அப்படி இரண்டாவது பிரேக் கிடையாது. பயிற்றுநரின் காதும் குரலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

காதா? வெல்டிங்கில் காதுக்கு என்ன வேலை?

முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட், 3.15 மி.மீ. சாதாரண ராடு (உருகி இணைப்பாகும் பூச்சுக் கம்பி, இ6013 வகை), 100 முதல் 120 ஆம்பியர், கண்ணுக்கு 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி. நேர்கோட்டில் ஒரு பீடு, அதாவது உருகி உறைந்த உலோகக் கோடு, போட வேண்டும். புத்தகம் சொல்வது மூன்று: ஆர்க் (ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) நீளம் ராடு கம்பியின் தடிமன் அளவு, அதாவது சுமார் 3 மி.மீ.; ராடு பீடு கோட்டோடு 70 முதல் 80 டிகிரிச் சாய்வு; சீரான வேகம். மூன்றும் சரி. ஆனால் கறுப்புக் கண்ணாடி வழியே பார்க்கும் புது மாணவனுக்கு 3 மி.மீ. எது, 6 மி.மீ. எது என்று தெரியாது. வெளியே நிற்கும் பயிற்றுநருக்கும் தெரியாது. சத்தம்தான் சொல்லும்.

ஆர்க் சரியான நீளத்தில் இருந்தால் காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி விட்டுப்போகாத, நெருக்கமான சத்தம். நீளம் கூடினால் சத்தம் உப்பிப்போய் ‘பொப்பொப்’ என்று வெடிக்கும், சிதறல் அதிகமாகும், பீடு அகலமாகத் தட்டையாகப் பரவும். நீளம் குறைந்தால் சத்தம் அடங்கி, அடுத்த கணம் ராடு ஒட்டிக்கொள்ளும். அனுபவம் உள்ள பயிற்றுநர் நான்கு கேபினுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே ‘மூணாவது, கையை இறக்கு’ என்பார். ராடு எரியும்போது தானாகக் குட்டையாகிக்கொண்டே போகிறது. அதே அளவுக்குக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். புது மாணவர் பத்தில் எட்டுப் பேருக்குச் சிக்கல் இதில்தான்: பக்கவாட்டில் நகர்கிறார்கள், கீழே இறங்க மறக்கிறார்கள். பீடின் முதல் பாதி நன்றாக இருந்து பின்பாதி பரந்து கிடந்தால் காரணம் அநேகமாக இதுவே.

கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. கண்ணாடிக்குள் குழம்பாக நகர்வது உருகிய உலோகம். அதன் பின்னால் தோல் மாதிரி வந்து மூடுவது கசடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை ஒருவர் வெல்டிங் செய்யவில்லை, வெளிச்சத்தின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். எந்தப் படம் வரைந்து காட்டினாலும் இது புரிவதில்லை. பயிற்றுநர் தானும் ஷீல்டு (முகக் கவசம்) பிடித்துக்கொண்டு மாணவரின் தோளருகே குனிந்து, ‘இப்ப முன்னால வருது பார், அது கசடு, கொஞ்சம் சாய்’ என்று அந்த நொடியிலேயே சொன்னால் புரியும். அதைச் சொல்ல அவருக்கு அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவரை நேரடியாக வகுப்பில் நிறுத்திவிடலாமே?

நிறுத்தலாம். முதல் மாதம் ‘நல்லாப் பார்த்துக்கோ’, ‘கை பழகினா வந்துடும்’ என்ற இரண்டு வாக்கியங்களில் ஓடிவிடும். அவர் சோம்பேறி இல்லை. வேலை கைக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். தான் கையை இறக்கிக்கொண்டே வருவது அவருக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வார்? நாம் சைக்கிளில் வளைவில் எப்படித் திரும்புகிறோம் என்று யாராவது கேட்டால் திணறுவது போலத்தான்.

இந்தச் சிக்கல் கல்வி ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. லீ ஷுல்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1986-இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்: பாடத்தைத் தெரிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தில் மாணவர் எங்கே இடறுவார், எந்த உதாரணம் அவரைத் தூக்கிவிடும் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. இரண்டாவது அறிவு வேலை செய்வதால் தானாக வருவதில்லை. சொல்லிக்கொடுத்து, மாணவரின் தவறுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் சேர்கிறது.

அனுபவசாலி தவறாகக் கற்பிப்பதும் உண்டா?

தாராளமாக. அனுபவம் நல்லதை மட்டும் சேர்த்துவைப்பதில்லை. பட்டறைகளிலிருந்து வகுப்புக்கு வந்து சேரும் வழக்கங்களில் நாங்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஷீல்டு இல்லாமல் டாக் அடிப்பது. இமை எல்லாக் கதிரையும் தடுத்துவிடாது, முகத்தோலும் வெந்துபோகும். பக்கத்தில் நிற்கிற மாணவன் கண்ணை மூடவும் மாட்டான். ஆர்க் கண்ணைச் சுட்ட விஷயம் உடனே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரியத் தொடங்கும். காரணமும் வலியும் இவ்வளவு தள்ளி நிற்பதால்தான் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இல்லை.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப் வெல்டிங் செய்துவிட்டு, பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது. துத்தநாகப் புகை மூச்சில் போனால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் வரும். பால் அதைத் தடுப்பதில்லை. இணைப்பின் இரு பக்கமும் 25 முதல் 50 மி.மீ. வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுவதும், காற்றோட்டமும், புகைக்குள் முகத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதும்தான் வழி.

லோ ஹைட்ரஜன் ராடை (இ7018) வெயிலில் காயவைப்பது, அல்லது பிளேட்டில் ஒட்டவைத்துச் சூடேற்றுவது. அந்த ராடு ஈரம் இழக்க ஓவனில் 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் சூடு, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தேவை. நம் ஊர் வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாது. ஒட்டவைத்துச் சூடேற்றினால் மேல்பூச்சு வெடித்து ராடே வீணாகும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் இது பெரிய விஷயம் இல்லாததால் வழக்கம் நிலைத்துவிட்டது. பாய்லர் வேலைக்குப் போகும் மாணவன் இதே பழக்கத்தோடு போனால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வேலை முடிந்து மறுநாள்கூட விரிசல் விடும்.

நீண்ட அனுபவம் உள்ளவர் கற்பிக்கப் பழகுவது எப்படி?

முதலில் தன் வேலையைத் தானே பிரித்துப் பார்க்க வேண்டும். போனில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பாதி வெளிவந்துவிடும். முழங்கை எங்கே ஊன்றியிருக்கிறது, கேபிளின் எடை தோளில் விழுகிறதா மணிக்கட்டில் விழுகிறதா, ஆர்க் எடுக்கும் முன் எந்த விரல் இறுகுகிறது என்பதெல்லாம் அவரே அறியாமல் செய்பவை.

பிறகு செய்முறை விளக்கத்தை மூன்று சுற்றாக வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்று பேசாமல், வழக்கமான வேகத்தில். இரண்டாவது, மெஷினை அணைத்துவிட்டு, வெறும் ராடைப் பிடித்து மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் சொல்லிக்கொண்டு. மூன்றாவது, மறுபடி ஆர்க் போட்டு, இந்த முறை மாணவர்களைச் சொல்லவைத்து அவர் செய்வது. ஒரே சுற்றில் மூன்று விஷயத்துக்கு மேல் சொன்னால் நான்காவது போகும்போது முதலாவதும் போய்விடும்.

மாணவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். எதிரில் நிற்பவருக்கு எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். பயிற்றுநரின் தோளுக்குப் பின்னால், அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஐந்து பேருக்குத்தான் ஆர்க் தெரியும். இருபது பேர் கொண்ட வகுப்பென்றால் ஒரே விளக்கத்தை நான்கு முறை செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இருபது பேரும் சுற்றி நின்ற விளக்கத்தில் பதினைந்து பேர் பார்த்தது முதுகுகளை. இடதுகைப் பழக்கமுள்ள மாணவருக்குத் தனியாக, இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்பதை மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

நான் டிப்ளமோ முடித்தவன். சான்றிதழில் அனுபவம் இருக்கிறது, அது மேற்பார்வை வேலை. ராடு பிடித்ததே இல்லை. அடுத்த மாதம் வகுப்பு. என்ன செய்யலாம்?

வெட்கப்படாமல் இன்று மாலையே தொடங்குங்கள். நிலையத்தில் மற்றவர்களின் வகுப்பு முடிந்தபின் தினம் இரண்டு மணி நேரம், 20 ராடு, வாரம் ஆறு நாள். நான்கு வாரத்தில் 480 ராடு ஆகும். நிலையத்தின் பயிற்சிப் பொருளிலிருந்து எடுக்க முதல்வரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய பிளேட்டுகளின் பின்பக்கமே போதும்.

முதல் வாரம் ஆர்க் எடுப்பதும் நேர் பீடும் மட்டும். மூன்றாம் நாளிலிருந்து வேண்டுமென்றே கெடுங்கள். 80 ஆம்பியரில் ஒரு பீடு, 150-இல் ஒன்று. ஆர்க்கை நீட்டி ஒன்று, வேகமாக இழுத்து ஒன்று, தேங்கி நின்று ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஆம்பியர் குறைந்தால் பீடு மேலே குவிந்து ஓரம் ஒட்டாமல் நிற்கும். கூடினால் ராடின் கடைசிப் பாதி சிவந்துபோகும், பீடின் ஓரத்தில் பள்ளம் விழும். வேகம் கூடினால் பீடு ஒல்லியாகி அலைகள் கூர்மையாகும். இந்தப் பிளேட்டைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் முதல் பாடக்கருவி அது.

இரண்டாம் வாரம் டி ஜாயின்ட் (ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்துவது), லேப் ஜாயின்ட் (ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவைப்பது). ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, குளிர்ந்தபின் வைஸில் கடித்துச் சம்மட்டியால் மடக்கி உடைத்துப் பாருங்கள். மேலே அழகாக இருந்த வெல்டு உள்ளே மூலையைத் தொடவே இல்லை என்று தெரியும்போது, வெளிப்பார்வை எவ்வளவு ஏமாற்றும் என்பது ஒரே அடியில் விளங்கும். மூன்றாம் வாரம் செங்குத்து, கீழிருந்து மேல். ஆம்பியரை 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள். முதல் இரண்டு நாள் உலோகம் வழிந்து சட்டையில்தான் விழும், எனவே தோல் ஏப்ரன் கட்டாயம். நான்காம் வாரம் வி வெட்டிய பட் ஜாயின்ட் (ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது): 60 டிகிரி, ரூட் கேப் (அடியில் விடும் இடைவெளி) 2 முதல் 2.5 மி.மீ., டாக் நீளம் 15 முதல் 20 மி.மீ. வெல்டு சுருங்கி பிளேட் மேலே தூக்கும் என்பதால் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் 3 டிகிரி வளைத்து வையுங்கள். தியரித் தேர்வில் நீங்கள் எழுதிய அந்த 3 டிகிரி, பிளேட் தானாக நிமிர்ந்து நேராவதைப் பார்க்கும்போது வேறொரு அர்த்தம் பெறும்.

நான்கு வாரம் உங்களை வெல்டர் ஆக்கிவிடாது. மாணவர் எங்கே தடுக்குவார் என்பது மட்டும் உடம்போடு நினைவிருக்கும், அதுவும் சமீபத்து நினைவாக. இருபது வருடக்காரருக்கு இல்லாத வசதி இது.

தெரியாததை மாணவர் கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு: அன்றைக்கே இருவரும் சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். காஸ் சிலிண்டர் பற்றிய கேள்வியாக இருந்தால் செய்து பார்க்கும் பேச்சே கூடாது, தெரிந்தவர் வரும்வரை வால்வைத் தொடாதீர்கள்.

காஸ் வெல்டிங் பிரிவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

அங்கே முயன்று தவறிக் கற்க இடமில்லை. ஆக்ஸிஜன் கறுப்பு சிலிண்டர், அசிட்டிலீன் மெரூன். ஆக்ஸிஜன் நட்டு வழக்கம்போல வலப்பக்கம் இறுகும். அசிட்டிலீன் நட்டு இடப்பக்கம் இறுகும், அடையாளத்துக்கு அதன் முனைகளில் வெட்டு இருக்கும். இதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலேயே உண்டு. ஆபத்து வருவது வேறு இடத்திலிருந்து. ஃபிட்டர் பிரிவில் பழகிய கை, இறுகிய நட்டைக் கண்டால் எண்ணெய்க் குப்பியைத் தேடும். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் கையில் இருந்தாலும் அதே ஆபத்துதான்.

அசிட்டிலீனை 1 கிலோ அழுத்தத்துக்கு மேல் போகவிடக் கூடாது, மேலே போனால் காற்று இல்லாமலே சிதைந்து வெடிக்கும் வாயு அது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். உள்ளே அசிட்டிலீன் அசிட்டோனில் கரைந்திருக்கிறது, படுக்கவைத்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். கசிவைச் சோப்பு நீரால் பாருங்கள். திறக்கும் சாவி எப்போதும் வால்விலேயே செருகியிருக்கட்டும், ஏதாவது ஆனால் மூட வேண்டிய கை அதைத் தேடிக்கொண்டு ஓடக் கூடாது. டார்ச்சுக்குள் தீ பின்வாங்கி ‘கீச்’ என்று விசிலடிக்கும் சத்தத்தை ஒரு முறையாவது கேட்டவர், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்தே ‘மூடு’ என்று கத்துவார். கேட்காதவர் அது என்ன சத்தம் என்று திரும்பிப் பார்ப்பார்.

தெரியாததையும் கற்பிக்கலாம் என்று நிரூபித்தவர்கள் இருக்கிறார்களே?

ஜோசஃப் ஜாக்கோட்டோவைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரரான இவர் 1818-இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மாணவர்கள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஃபிளெமிஷ் தெரியாது. இரு மொழியிலும் பக்கம் பக்கமாக அச்சிட்ட ஒரு நூலைக் கொடுத்து, ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பிரெஞ்சு எழுதினார்கள். பிறகு அவர் தனக்குத் தெரியாத பாடங்களையும் கற்பிக்க முடியும் என்று வாதிட்டார்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. மாணவரின் கையில் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஒரு பொருள் இருந்தால் ஆசிரியர் பாதி ஒதுங்கலாம். அங்கே அந்தப் பொருள் புத்தகம். வெல்டிங்கில் உடைத்துப் பார்த்த பிளேட் அந்த வேலையைச் செய்யும், நாமும் செய்யவைக்கிறோம். ஆனால் புத்தகம் யாருடைய கண்ணையும் சுடுவதில்லை.

காணொளியும் சிமுலேட்டரும் போதாதா?

முதல் வாரத்துக்கு நல்ல உதவி. சிமுலேட்டர் கோணம், தூரம், வேகம் மூன்றையும் எண்ணாகச் சொல்லிவிடும், ராடும் மிச்சம். வெப்பம், புகை, ராடு ஒட்டிக்கொள்ளும்போது வரும் பதற்றம், காலரில் விழும் பொறி எதுவும் அதில் இல்லை. சிமுலேட்டரில் 90 மதிப்பெண் எடுத்தவர் உண்மையான ஆர்க்கைக் கண்டதும் பின்னால் சாய்வார், சாய்ந்ததும் ஆர்க் நீளும். மதிப்பெண் முழுக்க அங்கேயே போய்விடும்.

பயிற்றுநரின் அனுபவம் பழசாகிப்போனால்?

போகிறது, வேகமாகவே. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில், அதாவது ஏசி-யில் கை பழகியவருக்கு ஆர்க் ப்ளோ என்பது கேள்விப்பட்ட சொல் மட்டும். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின் டிசி. பிளேட்டின் ஓரத்துக்குப் போனதும் காந்தப்புலம் ஆர்க்கைப் பக்கவாட்டில் தள்ளும். மாணவரின் கை நடுங்குகிறது என்று திட்டிக்கொண்டிருப்பார், குற்றம் எர்த் கிளாம்ப் (மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளைப் பிளேட்டில் மாட்டும் கவ்வி) மாட்டிய இடத்தில் இருக்கும். கிளாம்பை இடம் மாற்றி, ஆர்க்கைக் குறுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கும். இன்னொன்று: புது மெஷின்களில் ராடு ஒட்டாமல் இருக்கவும், எளிதாக ஆர்க் எடுக்கவும் தானியங்கி வசதிகள் உண்டு. ‘ராடு ஒட்டினால் ஆம்பியர் குறைவு’ என்ற பழைய அடையாளம் அங்கே பாதி மறைந்துவிடுகிறது. முதல் இரண்டு வாரம் அந்த வசதிகளை அணைத்துவைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தொழில் 4.0 (ரோபோ, கணினி வழி உற்பத்தி) மையங்களாக மேம்படுத்தப்பட்டபோது எழுந்ததும் இதே கேள்விதான். ரோபோ வந்து இறங்கிவிடும். அதை ஓட்டிப் பழக்கமுள்ள ஆசிரியர் கூடவே பெட்டியில் வருவதில்லை. புது மெஷின் வந்தால் முதல் மாதம் மாணவருக்குத் திறக்காமல் பயிற்றுநர்களுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு வாரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில், பார்வையாளராக அல்லாமல் ஷிஃப்டில் வேலை செய்பவராகப் போய்வந்தால் இன்னும் நல்லது.

வெளியிலிருந்து ஒரு நல்ல வெல்டரை ஒரு நாள் அழைத்து வந்தால் ஈடுகட்டிவிடலாமா?

ஈடுகட்டாது, துணை செய்யும். ‘வந்து பேசுங்கள்’ என்று அழைத்தால் அவர் துபாய் அனுபவத்தைப் பேசிவிட்டுப் போவார். ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுங்கள், உதாரணமாகப் பைப் ரூட் பாஸ் (இணைப்பின் அடியில் போடும் முதல் பீடு). பக்கத்தில் வகுப்புப் பயிற்றுநர் நின்று ‘இப்போது ஏன் நிறுத்தினீர்கள்?’, ‘எதைப் பார்த்து நகர்த்தினீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வேடிக்கை பார்த்த நாளாக முடியும். சம்பளம் விட்டு வருகிறார், ஒரு நாள் கூலியைக் கொடுத்தனுப்புங்கள். சால்வை மட்டும் போதாது.

நேர்முகத் தேர்வில் உண்மையான அனுபவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அனுபவச் சான்றிதழ் கையெழுத்தைத்தான் காட்டும், கையைக் காட்டாது. 45 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு 6 மி.மீ. பிளேட், ஐந்து ராடு, அணைத்துவைத்த மெஷின். முதல் ஐந்து நிமிடத்தில் அவர் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். அனுபவம் உள்ளவர் எர்த் கிளாம்பையும் ஹோல்டர் கேபிளின் இணைப்பையும் முதலில் அசைத்துப் பார்ப்பார், பிறகு வேறொரு துண்டில் ஒரு சோதனைப் பீடு போட்டு ஆம்பியரைத் திருத்துவார். நேராகப் பிளேட்டுக்குப் போகிறவர்மேல் கொஞ்சம் சந்தேகம் வைக்கலாம்.

அடுத்து, கெட்ட வெல்டுகள் நிறைந்த பெட்டி. ஓரப் பள்ளம், துளைகள், உள்ளே சிக்கிய கசடு, ஒட்டாமல் மேலே படிந்தது, ஊடுருவாத ரூட், முடிவுக் குழியில் விரிசல் என ஆறு துண்டு போதும். துளை விழுந்த துண்டைக் கொடுத்துக் காரணம் கேளுங்கள். படித்து வந்தவர் ‘ஈரமான ராடு, துரு, எண்ணெய், பெயின்ட், நீண்ட ஆர்க்’ என்று பட்டியலை ஒப்பிப்பார். செய்து பார்த்தவர் முதலில் துண்டைத் திருப்புவார்: துளை தொடக்கத்தில் மட்டுமா, முழு நீளத்துக்குமா? தொடக்கத்தில் மட்டும் என்றால் ஆர்க் எடுக்கும்போது தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். முழுக்க இருந்தால் ராடோ பிளேட்டோ சுத்தமில்லை.

கடைசிப் பதினைந்து நிமிடம், ராடே பிடிக்காத ஒருவரை, அலுவலக உதவியாளராக இருந்தாலும் சரி, ஆர்க் எடுக்கவைக்கச் சொல்லுங்கள். மாணவரின் கையிலிருந்து ஹோல்டரைப் பிடுங்கித் தானே செய்து காட்டுகிறாரா, வாயால் திருத்துகிறாரா? இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மற்ற இரண்டையும்விட அதிக மதிப்பெண் வைக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பெற்றோர் எதைப் பார்த்துச் சேர்க்கலாம்?

வரவேற்பறையில் உட்காராமல் பட்டறைக்குப் போங்கள். ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள். இரு பக்கமும் பீடு போட்டு, நடுவே மடக்கி உடைத்த பிளேட்டுகள் கிடந்தால் வேலை நடக்கிறது. தொட்டி காலி, சுவரில் மட்டும் பளபளப்பான மாடல்கள் என்றால் ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை ராடு என்று கேளுங்கள்.

கல்லூரிகளிலும் இப்போது தொழில்துறை ஆட்களை எடுக்கிறார்களாமே?

ஆம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ பதவிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவரை, பட்டத் தகுதி கட்டாயமில்லாமல் நியமிக்கலாம். மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காலம் 3 வருடம், விதிவிலக்காக இன்னொரு வருடம். யோசனை நல்லது. ஆனால் இவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி கொடுப்பது யார் என்பதில் பல கல்லூரிகள் அக்கறை காட்டுவதில்லை. ஐடிஐ பயிற்றுநருக்கு சிஐடிஎஸ் இருக்கிறது, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்காக 1964-இலிருந்தே சென்னை தரமணியில் ஒரு தேசியப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பெரிய நிறுவனத்திலிருந்து வரும் பொது மேலாளர் மட்டும் பிறவி ஆசிரியர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மூத்த பயிற்றுநருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, பார்வையும் மங்கல். அவரை மாற்றிவிட வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். செய்முறை விளக்கத்தை இளைய பயிற்றுநரோ நல்ல மாணவரோ செய்யட்டும். இவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். நெருங்கிப் பார்க்கும் கண்ணாடியை ஷீல்டுக்குள் பொருத்திக்கொள்ளலாம், அதற்கான உருப்பெருக்கு லென்ஸ் ஷீல்டு அளவிலேயே கடையில் கிடைக்கும். செவித்திறனை மட்டும் வருடம் ஒரு முறை சோதித்துவிடுங்கள். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே வருடக்கணக்கில் நின்றவர் அவர்.